காணா மாணாக்கர்க்குப் பாடத்திட்டம்

ஆங்கிலத்தில் 'சிலபஸ்' என்று வழங்கும் சொல் ஓர் அச்சுப் பிழையிற் பிறந்தது என்பதை ஆசிரியப் பெருமக்களிற் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கி.மு. 56-ஆம் ஆண்டில் உரோம நாட்டு நாவலர் சிசரோ தம் நண்பர் அட்டிக்கசுக்கு ஒரு கடிதம் விடுத்தார். நாடு கடத்தப் பெற்று மீண்டு வந்திருந்த அவர், சிதறிக் கிடந்த தம் நூலகத்தை டிரானியோ என்னும் அறிஞரின் துணையோடு சீர்செய்து கொண்டிருந்தார். சுருள்களை ஒட்டவும் பெயர்ச்சீட்டுக் கட்டவும் ஆட்கள் இருவரை அனுப்புமாறும், சீட்டுகளுக்கு வேண்டிய தோல் துண்டுகளை அவர்களிடம் கொடுத்து விடுமாறும் கேட்டிருந்தார். அத்தகைய தோற்சீட்டுக்குக் கிரேக்கத்தில் 'சித்துபா' என்று பெயர். 15-ஆம் நூற்றாண்டில் சிசரோவின் கடிதங்கள் அச்சேறியபோது அச்சொல் 'சில்லபோஸ்' என்று பிழைபட அச்சாயிற்று. பின்வந்த அறிஞர்கள் அதனை மெய்யான கிரேக்கச் சொல்லாகவே கொண்டு, பொருளட்டவணை என்று பொருளும் கண்டு, அகராதியில் ஏற்றிவிட்டனர். பிழையாய்ப் பிறந்தாலும் பிள்ளை வளர்ந்துவிட்டது.

அந்தச் சீட்டின் வேலை எளியது. மூடிய சுருளுக்கு வெளியே தொங்கி, உள்ளே இருப்பது இன்ன நூல் என்று அறிவிப்பதோடு அதன் கடமை முடிந்தது. எடுத்துப் படிப்பவன் யார், அவனுக்கு விளங்குமா என்பன பற்றிச் சீட்டுக்குக் கவலையில்லை.

தமிழில் இதற்கு ஒப்பான ஒன்றைத் தேடினால் பாயிரத்தைச் சொல்லலாம். ஆயினும் பாயிரம் சீட்டினும் விரிந்தது. பவணந்தி முனிவர் நன்னூலில், சிறப்புப் பாயிரத்துக்கு உரியனவாக ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைக் கூறி, காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டி உரைப்பாரும் உளர் என்கிறார். நூலைக் கேட்போருக்கும் அதில் ஓர் இடம் உண்டு என்பது கருதத்தக்கது. பொதுப் பாயிரமோ மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று தரம் பிரித்தே காட்டுகிறது. வகுப்பில் நிற்கும் ஆசிரியர் எதிரில் இருப்பவன் கிளியா நெய்யரியா என்பதை முகத்தைப் பார்த்தே அறிவார். அறிந்து, பாடத்தைச் சற்றே திருப்பிக் கொள்வார். ஏட்டில் எழுதிய பாடத்திட்டத்தின் குறையை அவருடைய கண் நிரப்பிவிடும்.

மாணாக்கர் முகத்தையே காணாத ஆசிரியர் என்ன செய்வார்? இணையவழிக் கல்லூரிப் பாடம் ஒன்றுக்குத் திட்டம் வகுக்க அமரும் எவரும் சந்திக்க வேண்டிய இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ 180 ஆண்டுகளாகப் பலர் இதற்கு விடை தேடி வந்திருக்கின்றனர். பாயிரம் கூறும் உறுப்புகளுள் கேட்போர் என்னும் ஒன்றையே அவர்களிற் பலர் மறந்தனர் என்பதும், மறந்தபோதெல்லாம் மாணாக்கர் இடைவழியில் நின்றுவிட்டனர் என்பதும் அவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் செய்தியாகும்.

பென்னி அஞ்சலும் இலண்டன் தேர்வும்

1840-இல் பிரிட்டனில் பென்னி அஞ்சல் முறை வந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னி செலவிற் கடிதம் போயிற்று. சுருக்கெழுத்துக்குப் பெயர்பெற்ற ஐசக் பிட்மன் அவ்வாண்டே தம் முறையை ஒரு தாளில் அடக்கி அச்சிட்டு அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். கற்போர் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப, அவை திருத்தம் பெற்று அவர்களிடமே திரும்பின. மலாயாவில் ஒரு காலத்தில் எழுத்தர் வேலை தேடிய இளைஞர் பலர் பயின்றது இந்தப் பிட்மன் முறையைத்தான். அத்தாள் சிறியதே. ஆனால் போவதற்கும் திரும்பி வருவதற்கும் அதில் வழி இருந்தது.

இலண்டன் பல்கலைக் கழகம் மேற்கொண்ட வழி வேறு. 1836-இல் பட்டயம் பெற்ற அப்பல்கலைக் கழகம் 1858-இல் புதிய பட்டயம் ஒன்றின்மூலம் தன் தேர்வுகளை யாவருக்கும் திறந்துவிட்டது. எந்தக் கல்லூரியிற் படித்தீர் என்ற கேள்வி அதன்பின் இல்லை. பாடப்பகுதிகளின் பட்டியலை அச்சிட்டு வெளியிடுவர். தேர்வு நாளில் வந்து எழுதித் தேறினாற் பட்டம். 1878 முதற் பெண்களுக்கும் பட்டங்கள் திறக்கப்பட்டன. இஃது ஒரு பெரிய நீதி என்பதில் ஐயமில்லை. பணமும் குலமும் மூடி வைத்திருந்த கதவை இலண்டன் திறந்தது. ஆனால் கதவைத் திறந்தவர் உள்ளே வருவோரைக் கைப்பிடித்து அழைக்கவில்லை. பாடத்திட்டம் என்பது இங்கு மீண்டும் சிசரோவின் தோற்சீட்டேயாயிற்று.

சட்டம் பயிலச் சென்ற காந்தியடிகள் இலண்டன் மெட்ரிக்குலேசன் தேர்வை எழுதிய வரலாற்றைத் தம் சுயசரிதத்திற் கூறியிருக்கிறார். தேர்வுக்கு இருந்த சில மாதங்களில் இலத்தீனும் பிரெஞ்சும் கற்க வேண்டியிருந்தது. முதன்முறை இலத்தீனில் தோற்றார். மறுமுறை, அறிவியற் பாடத்தில் வேதியியலை விடுத்து வெப்பமும் ஒளியும் பற்றிய பகுதியை எடுத்துக்கொண்டு, 1890-இல் தேறினார். பட்டியலில் எது தம்மால் இயலும், எது இயலாது என்று மாணாக்கரே தம்மைத் தாம் ஆராய்ந்து கொள்ள வேண்டியிருந்தது என்பதை இது காட்டுகிறது. காந்தியடிகளுக்கு அந்த உறுதி இருந்தது. உறுதி குன்றியோர் சுவடின்றி மறைந்திருப்பர்.

பட்டியலுக்கும் தேர்வுக்கும் இடையில் இருந்த இந்த வெற்றிடத்தில் அஞ்சல்வழிப் பயிற்சி நிலையங்கள் கடைவிரித்தன. 1894-இல் தோன்றிய உல்சி ஹால் அவற்றுள் ஒன்று. அவற்றில் நல்லனவும் இருந்தன, அல்லனவும் இருந்தன. அமெரிக்காவில் இவ்வாணிகம் பெருகியபோது, முழுக் கட்டணத்தையும் முன்னரே பெற்றுக்கொண்டு, சில பாடங்களோடு மாணாக்கர் சோர்ந்து நின்றால் அதையே ஆதாயமாகக் கொள்ளும் நிலையங்களும் தோன்றின. மாணாக்கர் நிற்பதிலேயே இலாபம் காணும் ஒரு நிலையம் எத்தகைய பாடத்திட்டம் வகுக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1926-இல் ஜான் நாஃப்சிங்கர் இந்நிலையங்களை ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டார்.

வாரத்துக்கு ஒரு தாள்

கேட்போரை மறவாதவர்களும் அதே அமெரிக்காவில் இருந்தனர். 1873-இல் பாஸ்டன் நகரத்தில் அன்னா எலியட் டிக்னர் என்னும் பெண்மணி, வீட்டிலிருந்து கற்கும் மகளிர்க்காக ஒரு கழகம் நிறுவினார். பட்டம் இல்லை. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பெண் ஆசிரியர் தொண்டாக அமர்ந்து, மாதந்தோறும் கடிதம் எழுதினார். நூல்கள் அஞ்சலில் இரவலாகச் சென்றன. அவ்வம்மையார் 1896-இல் மறைய, மறு ஆண்டே கழகமும் முடிவுற்றது. அதற்குள் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதன்வழிக் கற்றிருந்தனர். ஒருவர் உயிரோடு ஒன்றி நின்ற அமைப்பு அவர் உயிரோடே போயிற்று என்பது அதன் குறை. ஆயினும் மாதந்தோறும் வந்த அந்தக் கடிதத்துக்கு ஈடான ஒன்றை இன்றைய இணையவழிக் கல்லூரிகளிற் சிலவே தருகின்றன.

வில்லியம் ரெயினி ஹார்ப்பர் இதனை ஒரு முறையாகவே வகுத்தவர். 19 வயது நிரம்புமுன் யேல் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், எபிரேய மொழி ஆசிரியர். 1881-இல் சிக்காகோவையடுத்த மார்கன் பார்க் என்னுமிடத்திலிருந்து எபிரேயத்தை அஞ்சல்வழிக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர்ச் சட்டாக்குவா என்னும் கல்வி இயக்கத்தின் அஞ்சற் பாடங்களையும் நடத்தினார். அவர் முறை இதுதான். மாணாக்கருக்கு ஒவ்வொரு பாடத்தோடும் ஓர் அறிவுறுத்தல் தாள் போகும். எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும், எதை முன்னும் எதைப் பின்னும் செய்ய வேண்டும், எங்கே நின்று கவனிக்க வேண்டும், எந்த இடத்திற் கால் இடறும், இடறினால் என்ன செய்ய வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருக்கும். உடன் ஒரு வினாத்தாளும் போகும். விடைகள் வந்தபின் ஆசிரியர் ஒவ்வொரு பிழையையும் திருத்தி, வேண்டிய விளக்கம் எழுதித் திருப்புவார்.

இதனைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஹார்ப்பரின் தாள் பாடத்தைப் பற்றியது மட்டுமன்று, படிப்பவனைப் பற்றியதுமாகும். எந்த இடத்திற் கால் இடறும் என்று எழுதுவதற்குப் பலர் இடறியதைப் பார்த்திருக்க வேண்டும். வகுப்பறையிற் பல்லாண்டு நின்ற ஆசிரியரே அத்தாளை எழுத முடியும். 1892-இல் சிக்காகோ பல்கலைக் கழகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராய் இருந்த ஹார்ப்பர், அஞ்சல்வழிக் கல்வியை அதன் உறுப்பாகவே அமைத்துக் கொண்டார்.

அதே சிக்காகோவிலேதான் ஆசிரியப் பயிற்சி பெற்றோர் யாவரும் கேள்வியுற்ற ரால்ஃப் டைலரும் பணியாற்றினார். 1949-இல் வெளிவந்த அவருடைய சிறு நூல், கல்வித் துறையில் அவர் நடத்திய 360-ஆம் எண் பாடத்துக்கு எழுதப்பட்ட பாடத்திட்டமே. ஒரு பாடத்திட்டம் நூலாகி உலகெங்கும் ஆசிரியப் பயிற்சிக்கு அடிப்படையாயிற்று. எந்நோக்கத்தை நாடுவது, அதற்கு எத்தகைய கற்றல் அனுபவங்களைத் தருவது, அவற்றை எவ்வாறு நிரல்படுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என எவ்வாறு அறிவது என்னும் நான்கு வினாக்களும் யாவர்க்கும் மனப்பாடம். ஆனால் நோக்கங்களை எங்கிருந்து பெறுவது என்று ஆராயுமிடத்தில் டைலர் முதற்கண் வைத்தது மாணாக்கரைப் பற்றிய ஆய்வை. அதன்பின்னரே சமகால வாழ்க்கை. அதற்கும் பின்னரே பாடவல்லுநர் கருத்து. நான்கு வினாக்களைத் தேர்வுக்கு எழுதியோரிற் பலர் இந்த வரிசையை மறந்துவிட்டனர். 1956-இல் புளூமும் அவர் குழுவினரும் அறிவுசார் நோக்கங்களைப் படிநிலைப்படுத்தி வெளியிட்டபின், பாடத்திட்டம் எழுதுவது என்பது தக்க வினைச்சொல்லைப் பட்டியலிலிருந்து பொறுக்கி அமைப்பது என்ற அளவில் பல இடங்களிற் சுருங்கிப் போயிற்று. அது புளூமின் குற்றமன்று.

காற்றில் ஒரு பல்கலைக் கழகம்

1963 செப்டம்பரில், அப்போது பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஹரல்டு வில்சன், கிளாஸ்கோ நகரிற் பேசும்போது வானொலி, தொலைக்காட்சிவழி நடக்கும் ஒரு பல்கலைக் கழகத்தைப் பற்றிக் கூறினார். அவர் ஆட்சிக்கு வந்தபின் ஜென்னி லீ அம்மையார் அதனை விடாப்பிடியாக உருவாக்கினார். கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர்களுள் ஒருவரான இயன் மக்லௌட் அத்திட்டத்தைப் பிதற்றல் என்று எள்ளினார். 1969-இல் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் அரச பட்டயம் பெற்றது. முன்தகுதி எதுவும் கேளாத பல்கலைக் கழகம் அது.

முன்தகுதி கேளாமையால் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு நெருக்கடி நேர்ந்தது. இலண்டன் பல்கலைக் கழகமும் கல்லூரியைக் கேட்கவில்லை. ஆயினும் தேர்வு வாயிலில் நின்று வடிகட்டியது. இங்கோ, 20 ஆண்டுகளுக்கு முன் பள்ளியை விட்ட தொழிலாளியும், பட்டம் வேண்டிய பள்ளி ஆசிரியரும், குழந்தைகள் உறங்கியபின் நூலைத் திறக்கும் தாயும் ஒரே பாடத்தில் அமர்வர். ஒருவர் முகமும் ஆசிரியருக்குத் தெரியாது. துணைவேந்தர் வால்ட்டர் பெரியின் தலைமையில் அங்குக் கண்ட விடை பாடக்குழு என்னும் அமைப்பாகும். பேராசிரியர் ஒருவர் தனியே எழுதுவதை விடுத்து, பாடவல்லுநர் பலரும், கல்விநுட்ப வல்லுநரும், பதிப்பாசிரியரும், பி.பி.சி. நிகழ்ச்சி அமைப்பாளரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தனர். ஒருவர் எழுதிய படியை மற்றவர் வாசித்து, இவ்விடம் விளங்கவில்லை என்று திருப்பினர். பேராசிரியர்கள் பிறர் திருத்தத்துக்குத் தம் எழுத்தைத் தருவது எளிதன்று. அக்குழுக்களில் மனக்கசப்பும் மிகுதியாய் இருந்தது. ஆயினும் வாரப் பகுதிகளாக வகுக்கப்பட்ட அந்தப் பாடநூல்கள் பிற பல்கலைக் கழக ஆசிரியர்களும் வாங்கிப் பயன்படுத்தும் தரத்தை எய்தின.

அறிவியற் பாடத்துக்கு வீட்டிலேயே சோதனை செய்யக் கருவிப் பெட்டி சென்றது. அதில் இருந்த உள்ளங்கை அளவான பிளாஸ்டிக் நுண்ணோக்கியை வடிவமைத்தவர் மருத்துவர் ஜான் மக்கார்த்தர். இன்று சபா எனப்படும் வட போர்னியோவில் மலேரியாக் கொசுக்களை ஆராய்ந்தவர் அவர். காட்டில் உழன்றவருடைய கருவி ஆய்வுக்கூடம் இல்லாத மாணாக்கருக்கு உதவியது பொருத்தமே.

1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணாக்கரோடு கலை, சமூக அறிவியல், அறிவியல், கணிதம் என்னும் நான்கு அடிப்படைப் பாடங்கள் தொடங்கின. தொடங்கிய அதே மாதம் 20-ஆம் நாள் பிரிட்டனின் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது மார்ச்சுத் திங்கள் வரை நீடித்தது. அஞ்சலை நம்பிய பல்கலைக் கழகம் அஞ்சல் இன்றியே பிறக்க வேண்டியதாயிற்று. வேறு வழிகளிற் பாடப் பொதிகளைக் கொண்டு சேர்த்து அந்த இக்கட்டைக் கடந்தனர். ஒலிபரப்பைக் காட்டிலும் ஊரூராக அமைத்த பயிற்றாசிரியரும், அவர் ஒவ்வோர் ஒப்படைப்பிலும் எழுதிய குறிப்புமே மாணாக்கரைத் தாங்கின. பயிற்றாசிரியர் போடும் மதிப்பெண்ணை மட்டுமன்றி, எழுதும் குறிப்பையும் பல்கலைக் கழகம் மேற்பார்வை செய்தது. ஹார்ப்பரின் முறை பேரளவில் மீண்டது எனலாம்.

அதே 1971-இல், தோன்றி இரண்டே ஆண்டுகளான பினாங்கு அறிவியற் பல்கலைக் கழகம் மலேசியாவில் முதன்முதலாக வளாகத்துக்கு வெளியே பட்டப் படிப்பைத் தொடங்கியது. வேலையிலிருப்போர் அதில் சேர்ந்தனர்; ஆண்டுக்கு ஒருமுறை பினாங்குக்கு வந்து செறிவு வகுப்பில் அமர்ந்தனர். அக்காலத் தோட்டப்புற வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணியார் பிரித்துக் கொடுத்தாற்றான் கைக்குக் கிட்டும். மின்பொறி இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குத்தான். இந்நிலையில் உள்ளவருக்கு வாரம் இத்தனை பக்கம் என்று விதிப்பவர், அந்த மின்பொறி நிற்கும் நேரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

வலையிற் சென்ற பாடம்

கணினிவழிப் பாடம் 1960-இலேயே அமெரிக்க இல்லினாய் பல்கலைக் கழகத்தில் பிளேட்டோ என்னும் பெயரில் முளைவிட்டது. தொலைவிலிருப்போர் கணினிவழி ஒருவரோடொருவர் எழுதிக் கலந்துரையாடும் முறை 1980-களில் வளர்ந்தது. 1988-இல் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் தகவல் நுட்பம் பற்றிய தன் பாடமொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இம்முறையில் இணைத்தது. ஆனால் கலந்துரையாடல் அப்பாடத்தில் ஒரு சிறு கூறாகவே வைக்கப்பட்டது. வாசிப்பும் ஒப்படைப்பும் பொழுது முழுவதையும் விழுங்க, வேலைக்குச் செல்வோர் பலர் பிறர் எழுதியதைப் பார்த்ததோடு நின்றனர். பேசுக என்று பாடத்திட்டம் சொல்லும். பேச நேரம் ஒதுக்காது. இக்குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

2001-இல் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் பாடங்களின் திட்டங்களையும் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் உலகுக்கு இலவசமாக வலையில் வைக்கப் போவதாக ஏப்ரலில் அறிவித்தது. பெருந்தன்மை மிக்க செயல். ஆனால் ஆசிரியரும் இல்லை, பட்டமும் இல்லை. இலண்டனின் 1858-ஆம் ஆண்டுப் பட்டியல் மின்வடிவம் பெற்றது போன்றதே அது.

மற்றொன்று தமிழுலகைச் சார்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2001 பிப்ரவரி 17-இல் தமிழ் இணையப் பல்கலைக் கழகம் தொடங்கப் பெற்றது. இப்போது அது தமிழ் இணையக் கல்விக் கழகம் என்று வழங்கும். அதனை உருவாக்கியோருள் தலையாயவர் பேராசிரியர் வா. செ. குழந்தைசாமி; இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராயிருந்து தொலைநிலைக் கல்வியின் நெளிவு சுளிவுகளை அறிந்தவர். கேட்போர் யார் என்ற வினா இங்குத் தவிர்க்க முடியாததாய் வந்து நின்றது. தமிழ் வீட்டுமொழியாய் இருந்தும் எழுத்தறியாத பிள்ளை ஒருபுறம். பாட்டன் காலத்தோடு பேச்சுத் தமிழையும் இழந்துவிட்ட நாடுகளின் தமிழர் ஒருபுறம். இலக்கணம் முறையாய்க் கற்க விழையும் மலேசிய ஆசிரியர் ஒருபுறம். இவர்களை ஒரே பாடத்திட்டத்தில் அடக்குவது இயலாது. ஆகவே மழலைக் கல்வியில் தொடங்கி, சான்றிதழ் நிலையைப் படிகளாகப் பிரித்து, பட்டப் படிப்பு வரை ஏணி அமைத்தனர். பட்டப் பாடங்கள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அப்பாடம் சொல்லும் செய்தி யாது, படிப்பதாற் பெறும் பயன் யாது என்று எழுதி, இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்களையும் வைத்தனர். நுதலிய பொருளும் பயனும் பாயிரத்தின் உறுப்புகள் என்பதை அறிந்த தமிழாசிரியர்க்கு இந்த அமைப்பு அயலாய்த் தோன்றாது. விடைத்தாளைத் திருத்தி ஓரத்தில் இரண்டு வரி எழுதும் கையைத் தன்மதிப்பீட்டு வினா தர முடியாது என்பதும் மெய்யே.

இலட்சக் கணக்கில் மாணாக்கரைச் சேர்க்கும் வேகம் 2011-இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் துருனும் பீட்டர் நார்விக்கும் வலையில் திறந்துவிட, ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். முடித்தவர் ஏறத்தாழ 23,000 பேர். ஒரே பாடத்தை ஒரே பருவத்தில் 23,000 பேர் முடித்தது வியப்புக்குரியதே. விட்டவர் முடித்தவரைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு என்பதும் அதே கணக்குத்தான். அவர்கள் எந்த வாரத்தில், எந்தப் பாடத்தில் இடறினர்? ஹார்ப்பராயிருந்தால் முதலில் அதைக் கேட்டிருப்பார்.

2013 சனவரி இறுதியில் நடந்த ஒன்று நகைப்புக்கும் சிந்தனைக்கும் ஒருசேர இடமளித்தது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், கோர்செரா என்னும் தளத்தின்வழி ஒரு பாடம் தொடங்கியது. இணையவழிக் கல்வியைத் திட்டமிடுவது எப்படி என்பதே பாடத்தின் பொருள். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். சிறு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாட வேண்டும் என்பது திட்டம். குழுவில் பெயர் பதிய எல்லாரும் பொதுவான ஓர் அட்டவணைத் தாளைத் திறந்து எழுத வேண்டும். ஒரே நேரத்திற் சில பேரே எழுதக் கூடிய அத்தாளில் ஆயிரக் கணக்கானோர் புகுந்தனர். தாள் நிலைகுலைந்தது, ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்தார், குழுவின்றிப் பலர் தவித்தனர். ஒரு வாரத்துக்குள் பாடமே நிறுத்தி வைக்கப்பட்டது. நாற்பது பேருக்கு அது நல்ல திட்டம். குழுவாகப் பேசிக் கற்பது எந்தப் பயிற்சிக் கல்லூரியும் பாராட்டும் முறையே. நாற்பதுக்கு வகுத்ததை நாற்பதாயிரத்துக்கு நீட்டியபோது கேட்போர் மாறிவிட்டனர் என்பதைத் திட்டம் அறியவில்லை.

2020 மார்ச்சு 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, விருப்பமாயிருந்தது கட்டாயமாயிற்று. பருவத்தின் நடுவில் வகுப்பறைப் பாடத்திட்டங்களைச் சில நாளில் வலைக்கு மாற்றினர். பெரும்பாலும் நேரப்பட்டியலை அப்படியே வைத்து, அறை எண் இருந்த இடத்தில் இணைய முகவரியை எழுதியதே மாற்றம். மாணாக்கர் தொடர்பு தேடிக் குன்றிலும் மரத்திலும் ஏறிய செய்திகள் நாளிதழ்களில் வந்தன. அந்த அலை ஓய்ந்தபின்னரே, விரிவுரையைப் பதிவு செய்து பின்னரும் காண வைத்தல், குறைந்த தொடர்பிலும் திறக்கும் எழுத்துப் பாடம், இத்தனை நாளுக்குள் ஆசிரியர் மறுமொழி தருவார் என்னும் உறுதி முதலியன பாடத்திட்டங்களில் இடம்பெறலாயின.

மலேசியத் தகுதி முகவாண்மையின் விதிப்படி ஒரு மதிப்பலகு என்பது மாணாக்கரின் 40 மணி நேரக் கற்றல். மூன்று மதிப்பலகுப் பாடத்துக்கு 120 மணி. திட்டம் வகுப்பவர் வாசிப்புக்கு இவ்வளவு, காணொளிக்கு இவ்வளவு, ஒப்படைப்புக்கு இவ்வளவு என்று அட்டவணையிற் பிரித்துக் காட்டுகிறார். பாராட்டத்தக்க முறை, இலண்டன் பட்டியலில் இந்தக் கணக்கு இல்லை. அந்த 120 மணி யாருடைய மணி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரு பாடங்களை 14 வாரப் பருவத்தில் எடுப்பவருக்கு வாரம் ஏறத்தாழ 17 மணி ஆகிறது. 2023 முதல் வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி வேலையை எல்லையாக வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து 62 மணி. பயணமும் வீட்டு வேலையும் இதில் அடங்கா. முழுநேர மாணாக்கருக்கு வகுத்த நிரலை, தலைப்பை மட்டும் மாற்றி, வேலைக்குச் செல்வோருக்கு அனுப்புகிறவர் இந்தக் கூட்டலைச் செய்து பார்த்திருப்பாரா என்பது ஐயம்.

ஒப்படைப்பு நாளும் அப்படியே. ஞாயிறு நள்ளிரவு என்று எழுதிவிடுவது பல கல்லூரிகளின் வழக்கம். வார விடுமுறையிற் செய்து முடிக்கலாம் என்பது கருத்து. கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கைப்பட்டாணியிற் பள்ளி ஆசிரியராயிருந்து படிப்பவருக்கு ஞாயிறு வேலைநாள். அன்று மாலை வீடு திரும்பியபின் அவருக்கு எஞ்சுவது ஐந்தாறு மணி நேரமே.